வாஷிங்டன் காலத்துச் சட்டைத் தெறிகள்

பழம்பொருள் சேர்ப்போர் நாணயங்களையும் முத்திரைகளையும் தேடுதல் யாவரும் அறிந்ததே. சட்டைத் தெறிகளைத் தேடுவோரும் உளர். அவர்களுள் அமெரிக்க அரசியற் றெறிகளை நாடுவோர்க்கு 1789ஆம் ஆண்டுத் தெறிகளே பெருஞ்செல்வமாம். இவற்றைக் குடியேற்றக் காலத்தன எனச் சிலர் வழங்குவர். அது பொருந்தாது. 1776இல் விடுதலை சாற்றிய நாடுகள், புதிய அரசியலமைப்பின்கீழ்த் தம் முதற் சனாதிபதியைப் பெற்ற ஆண்டில் எழுந்தவை இவை.

அவ்வாண்டு ஏப்பிரில் 30ஆம் நாள் ஜோர்ஜ் வாஷிங்டன் நியூயோர்க் நகரிற் பதவியேற்றார். அன்று அவர் அணிந்தது ஹாட்போட் நகரில் நெய்த பழுப்புநிறக் கம்பளியுடை. ஆங்கிலத் துணியை விடுத்து உள்நாட்டுத் துணியை உடுத்தமை தற்செயலன்று. ஆடையே அரசியல் பேசிய அக்காலத்தில், பொதுமக்களும் பித்தளையிலும் செம்பிலும் அச்சடித்த நினைவுத் தெறிகளைத் தத்தம் உடையிற் றைத்துக்கொண்டனர். பெரியன மேலங்கிக்கும், சிறியன முழங்காலளவுக் காற்சட்டைக்கும் உரியன. ஊசியாற் குத்திக்கொள்ளும் தேர்தற் சின்னங்கள் 1896ஆம் ஆண்டுத் தேர்தலிலேயே பெருவழக்காயின.

இவற்றுள் ஒருவகையில், நடுவே வாஷிங்டன் பெயரின் முதலெழுத்துக்கள் இரண்டும், சுற்றிலும் 'சனாதிபதி நீடு வாழ்க' என்னும் வாழ்த்தும் உள. மன்னனை வாழ்த்திப் பழகிய நா, மன்னன் என்னுஞ் சொல்லை மாத்திரம் மாற்றிக்கொண்டது போலும்! மற்றொருவகையில் பதின்மூன்று வளையங்கள் சங்கிலியாய்ப் பிணைந்து, ஒவ்வொன்றும் ஒரு நாட்டின் பெயரெழுத்தைத் தாங்கும். ஆயின் பதவியேற்பு நாளில் ஒன்றியத்திலிருந்தவை பதினொன்றே. வட கரோலினா 1789 நவம்பரிலும், றோட் தீவு 1790 மே மாதத்திலுமே சேர்ந்தன. தெறி செய்தோன் சரித்திரத்தை முந்திவிட்டான்.

கழுகுருவம் பொறித்த வேறொன்று 'மார்ச் நான்கு, 1789' என்று கூறும். இது பிழையன்று. புதிய அரசு தொடங்கக் குறித்த நாள் அதுவே. கொங்கிரஸ் உறுப்பினர் போதியளவு கூடாமையால், வாக்குகள் ஏப்பிரில் 6ஆம் நாளே எண்ணப்பட்டன.

பிற்காலத்திற் செய்த போலிகள் பல. உண்மைத் தெறி அச்சடித்தது. அதனால் எழுத்தின் விளிம்பு கூராயிருக்கும். வார்த்தெடுத்த போலியில் அது மழுங்கி, நுண்குழிகள் தோன்றும். பின்புறத்து வளையத்தையும் நோக்குதல் வேண்டும். பாசியைத் தேய்த்துத் துலக்குவோன் பொருளின் மதிப்பையும் உடன் அழிக்கிறான். பழைய வயல்களிற் கருவிகொண்டு தோண்டியெடுப்போர் கிடைத்த இடத்தைக் குறியாது விடுவது அதனினும் பெருங்கேடு. எவ்வூர் உழவன் அத்தெறியை அணிந்தான் என்பதனைப் பின்னர் எவரும் அறியார்.