வீட்டுத் தமிழை நிறுத்தணுமா?

"பையன் பேச லேட்டாகுது, வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்க" என்றார்கள் பாலர் பள்ளியில். ரெண்டு வாரம் அப்படியே செய்தோம். வீடியோ காலில் அம்மாச்சி கூப்பிட்டால் முழித்தான்.

பிறகுதான் ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். 1993-ல் வெளியான மயாமி ஆய்வில், இரு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணியபோது இருமொழிக் குழந்தைகள் பின்தங்கவில்லை. 2005-ல் வந்த கனடா ஆய்வில், டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கும் இரண்டாவது மொழியால் ஆங்கிலம் குறையவில்லை.

பேச்சுப் பயிற்சியாளர் அவனுடைய 'தண்ணி', 'வேணாம்' எல்லாத்தையும் கணக்கில் சேர்த்தார். தாமதம் உண்மைதான், பயிற்சி நடக்குது. ஆனால் தமிழ் அதற்குக் காரணமில்லை.

சந்தேகம் இருந்தால் பிள்ளையைச் சீக்கிரம் நிபுணரிடம் காட்டுங்க. வீட்டு மொழியை மட்டும் நிறுத்தாதீங்க.

நேற்று போனைப் பிடித்துக்கொண்டு, "அம்மாச்சி, வா" என்றான்.