நாணயத் தரமதிப்பீடு

நாணயத் தரமதிப்பீடு என்பது பழைய நாணயம் ஒன்றின் உண்மைத்தன்மையையும் தேய்மான நிலையையும் ஆராய்ந்து, அதற்கு ஒரு தரக்குறியீடு வழங்கும் முறை ஆகும். வாங்குபவரும் விற்பவரும் அல்லாத மூன்றாம் தரப்பு நிறுவனம் ஒன்று இதைச் செய்யும்போது, நாணயம் தெளிந்த நெகிழிப் பேழையில் வைத்து மூடப்பட்டு, தரமும் வரிசை எண்ணும் அச்சிட்ட சீட்டுடன் திருப்பித் தரப்படுகிறது. சேகரிப்பாளர்கள் இப்பேழையை "ஸ்லாப்" என அழைப்பர். இவ்வாறு மதிப்பிடப்படாமல் கைமாறுவது தரமிடாத நாணயம் ஆகும். ஒரே வகைக் காசு இவ்விரு நிலைகளில் வெவ்வேறு விலைக்கு விற்கப்படுவதால், எதை வாங்குவது என்ற கேள்வி எழுகிறது. புதுச்சேரி, கோட்டக்குப்பம், மரக்காணம் கரையோரத்தில் கிடைக்கும் பிரெஞ்சிந்தியக் காசுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

வரலாறு

1949 ஆம் ஆண்டு வில்லியம் செல்டன் என்ற அமெரிக்கர், தம் நாட்டின் பழைய பெரிய செப்புச் சென்ட் காசுகளுக்காக 1 முதல் 70 வரையிலான அளவுகோல் ஒன்றை வெளியிட்டார். தரம் 70 உடைய காசு, தரம் 1 உடையதைப் போல 70 மடங்கு விலை பெறும் என்பது அதன் அடிப்படை. அவ்விலைக் கணக்கு விரைவில் பொருந்தாமற் போயிற்று. எண்கள் மட்டும் நிலைத்தன.

விற்பவரே தரத்தைச் சொல்லும் வழக்கத்தால் ஏமாற்று மிகுந்தது. அதற்கு மாற்றாக ஐக்கிய அமெரிக்காவில் 1986 இல் பி.சி.ஜி.எஸ், 1987 இல் என்.ஜி.சி ஆகிய நிறுவனங்கள் தோன்றின. இதே முறை 1991 இல் பி.எஸ்.ஏ நிறுவனத்தின் மூலம் விளையாட்டு வீரர் படங்கள் கொண்ட சேகரிப்பு அட்டைகளுக்கும் விரிவடைந்தது.

அளவுகோல்

புழக்கத்துக்கே வராத நாணயங்கள் 60 முதல் 70 வரை எண் பெறும். 50 முதல் 58 வரை மிகச் சிறிதளவே தேய்ந்தவை. 40, 45 ஆகியவை மிக நன்று. 20 முதல் 35 வரை நன்கு தெளிவானவை. 12, 15 ஆகியவை தெளிவானவை. அதற்குக் கீழ் எழுத்தும் உருவமும் படிப்படியாக மங்கும். நாணயம் உண்மையானதாக இருந்தும் சுரண்டப்பட்டோ, துளையிடப்பட்டோ, தேய்த்துத் துலக்கப்பட்டோ இருந்தால் பொதுவாக எண் வழங்கப்படுவதில்லை. குறைபாடு மட்டும் சீட்டில் குறிக்கப்படும்.

புதுச்சேரிக் காசுகள்

1736 ஆம் ஆண்டு, ஆளுநர் துய்மா காலத்தில், முகலாயப் பேரரசின் ஒப்புதலுடன் வெள்ளி ரூபாய் அச்சிடும் உரிமையைப் பிரெஞ்சுக் கம்பெனி பெற்றது. புதுச்சேரியில் அடிக்கப்பட்ட இந்நாணயங்களில் ஆற்காடு என்ற ஊர்ப்பெயரும் பேரரசர் பெயரும் பாரசீக எழுத்தில் காணப்படும். பிறைக்குறி இவற்றைப் பிற ஆற்காட்டு ரூபாய்களிலிருந்து வேறுபடுத்துகிறது. உள்ளூர்ப் புழக்கத்துக்கு வெள்ளிப் பணமும், துட்டு எனப்பட்ட செப்புக் காசும் இருந்தன. செப்புக் காசின் ஒருபுறம் பிரெஞ்சு அரசகுலத்தின் லில்லிப்பூவும், மறுபுறம் புதுச்சேரி என்ற பெயர் தமிழ் எழுத்திலும் இருக்கும். 1836, 1837 ஆகிய ஆண்டுகளைத் தாங்கிய காசுகளில் சேவல் உருவம் உள்ளது.

லில்லிப்பூக் காசுகளில் ஆண்டு கிடையாது. கையால் அடிக்கப்பட்டதால் அச்சு விலகி, எழுத்தில் ஒரு பகுதி விளிம்புக்கு வெளியே போயிருப்பதும் இயல்பு. எனவே இவ்வகைக் காசுகளில் தேய்மானத்தையும் அச்சுக் குறையையும் பிரித்தறியக் கண் பழக வேண்டும்.

தரமிட்ட நாணயத்தின் நன்மைகளும் வரம்புகளும்

தரமிட்ட நாணயத்தின் முதன்மை நன்மை, அது போலி அன்று என்பதற்குக் கிடைக்கும் உறுதியே ஆகும். எண் அடுத்த நிலையில்தான் வருகிறது. நேரில் பாராது வாங்குபவருக்கும், பின்னாளில் விற்க எண்ணுபவருக்கும் இது பயனுள்ளது.

எனினும் பேழையும் பொய்யாகலாம். 2000களின் இறுதியிலேயே போலிப் பேழைகள் சந்தைக்கு வந்தன. சீட்டிலுள்ள வரிசை எண்ணை நிறுவனத்தின் தரவுத்தளத்தில் தேடி, அங்குள்ள படத்துடன் நாணயத்தை ஒப்பிடுவது இன்றியமையாதது. எண் மட்டும் பொருந்துவது போதாது. உண்மையான எண்ணையே போலிச் சீட்டில் அச்சிட்டுவிட முடியும்.

மதிப்பீட்டாளரும் தவறக்கூடும். 1909-1911 காலத்து டி206 தொகுதியின் ஓனசு வாக்னர் அட்டைக்கு பி.எஸ்.ஏ 10 இல் 8 என்ற தரம் வழங்கியது. அது 2007 இல் 28 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. அதன் ஓரங்களை முன்பே வெட்டிச் சீராக்கியதை, அதன் முன்னாள் உரிமையாளரான ஏல வணிகர் 2013 இல் ஒப்புக்கொண்டார்.

மேலும், தர எண் வரலாற்று மதிப்பை அளப்பதில்லை. சங்ககாலப் பாண்டியரின் பெருவழுதி நாணயம், அதிலுள்ள தமிழ் பிராமி எழுத்தால் சிறப்புப் பெற்றதே தவிரப் பளபளப்பால் அன்று.

தரமிடாத நாணயத்தைச் சோதித்தல்

0.01 கிராம் வரை காட்டும் தராசு இருந்தால் வெள்ளி நாணயத்தின் அடர்த்தியை வீட்டிலேயே அறியலாம். தராசின் மேல் நீர்க் கிண்ணத்தை வைத்து அளவைப் பூச்சியமாக்கி, நாணயத்தை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுதும் அமிழ்த்த வேண்டும். தராசு காட்டும் எடையால் நாணயத்தின் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 11.40 கிராம் ரூபாய் 1.10 கிராம் காட்டினால் அடர்த்தி 10.36; இது உயர்தர வெள்ளிக்கு ஒத்தது. 1.34 காட்டினால் அடர்த்தி 8.5, அது பித்தளையாக இருக்கலாம். ஈயம் வெள்ளியை விட அடர்ந்தது என்பதால், அதைக் கலந்து சரியான அடர்த்தியைப் போலியாக உருவாக்கவும் இயலும். ஆகவே இச்சோதனையில் தோற்ற நாணயத்தைத் தள்ளலாம். தேறியதை உண்மை என முடிவு செய்துவிடக் கூடாது. வார்ப்புப் போலிகளில் விளிம்பைச் சுற்றிய கோடும், பரப்பில் நுண்குழிகளும் உருப்பெருக்கியில் தென்படும்.

கடற்கரையும் செம்பும்

உப்பளக் கரையில் செப்புக் காசுக்குப் பெரும்பகை குளோரைடு ஆகும். அது ஈரத்துடனும் காற்றுடனும் சேர்ந்து, வெளிர்பச்சைத் தூளாகக் காசை அரிக்கிறது. இது வெண்கல நோய் எனப்படும். ஸ்லாப் முழுமையான காற்றடைப்பு உடையது அன்று. உள்ளே ஏற்கெனவே குளோரைடு இருந்தால் அரிப்பு தொடரலாம். பி.வி.சி உறைகளும் காசின் மேல் பச்சைப் படலத்தை உண்டாக்குகின்றன.

செப்புப் பாத்திரம் துலக்குவது போலக் காசைப் புளியால் துலக்குவதும் கேடே. பழுப்புநிற மேற்படலம் நீங்கியபின் அதை மீட்க முடியாது.

சட்டம்

1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத நாணயமும் தொல்பொருளே. நடுவண் அரசோ அதன் அதிகாரம் பெற்ற அமைப்போ அன்றி வேறெவரும் அதை ஏற்றுமதி செய்தல் குற்றம். ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. எனவே பாட்டியின் பெட்டியில் கிடைத்த 1836 ஆம் ஆண்டுச் சேவல் காசைத் தரமிடுவதற்காக அமெரிக்காவுக்கு அஞ்சலில் அனுப்புவது சேகரிப்பாளரைச் சிறை வரை கொண்டு செல்லக்கூடும். 1938-1947 காலத்து ஆறாம் சியார்ச்சு நாணயங்கள் இன்னும் நூறாண்டு நிறையாதவை.

மண்ணில் புதைந்து கிடைத்த காசுக்கு 1878 ஆம் ஆண்டின் புதையல் சட்டம் பொருந்தும். மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

விலைக் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டாக, தரமிட்ட காசு 5,000 ரூபாய்க்கும் அதே வகைத் தரமிடாத காசு 2,000 ரூபாய்க்கும் கிடைப்பதாகக் கொள்வோம். போலிக்கு மதிப்பே இல்லை எனில், ஐந்தில் இரண்டுக்கு மேல் அத்தரத்து உண்மைக் காசுகளாகத் தேர்ந்தெடுக்கக்கூடியவருக்கே தரமிடாதது ஆதாயம் தரும். அனுபவம் உள்ளவருக்கு இது எளிது, புதியவருக்கு அரிது. போலியாக்கத் தேவையற்ற மலிவான செப்புக் காசைத் தரமிடாமலே வாங்கிக் கண்ணைப் பழக்கிக்கொள்வதும், விலை உயர்ந்த வெள்ளி நாணயத்தைத் தரமிட்ட நிலையில் வாங்குவதும் பொதுவாகப் பாதுகாப்பான வழி ஆகும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயவியல் பிரிவில் உண்மையான காசுகளைப் பார்த்துப் பழகுவதும் உதவும்.