சீருடைக்குள் ஒரு பையன்

போர்க்களப் படங்களைப் பத்திரிகைகளில் நாம் அடிக்கடி காண்கிறோம். ஆனால், துப்பாக்கி ஏந்தி நிற்கும் இளைஞன் அதற்கு முன் எப்படி இருந்தான் என்று எவரும் காட்டுவதில்லை. அதனைக் காட்டியவர், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலிருந்து வெளிவரும் ‘டென்வர் போஸ்ட்’ தினசரியின் படப்பிடிப்பாளராயிருந்த கிரெய்க் வாக்கர்.

ஈராக்கிற் கலகம் உச்சநிலையிலிருந்த 2007ஆம் ஆண்டு, பாடசாலைப் படிப்பை முடித்த கையோடு இராணுவத்திற் சேர்ந்த ஒரு பையனை, அவர் 27 மாதங்கள் கமராவும் கையுமாகத் தொடர்ந்தார். பட்டமளிப்பு நாள், தந்தையிடம் விடைபெறுதல், ஜோர்ஜியாவின் போர்ட் பெனிங் முகாமிற் பயிற்சி, பின்னர் ஈராக், முடிவில் 2009இல் ஊர் திரும்பிய நாள் எனப் படங்கள் நீளுகின்றன.

வீரத்தை மட்டும் அவர் தேடவில்லை. பயிற்சியின் தொடக்கத்தில் முழங்கை நோவுடன், ‘ஏன் வந்தோம்’ என்று பையன் கலங்கியதையும் மறைக்காது காட்டினார். சீருடை ஒரே நாளில் உடலில் ஏறிவிடுகிறது. உள்ளமோ மெல்ல மெல்லத்தான் மாறுகின்றது.

2010இல் இத்தொடர் புலிட்சர் பரிசு பெற்றது. பிள்ளையைப் படைக்கு அனுப்பிய எந்தப் பெற்றோரும் இப்படங்களிலே தம் பிள்ளையின் முகத்தையே காண்பர்.