கூரையில் தகடு, கீழே வேலை

பசுமைத் தொழில் பற்றிய நம் கலந்துரையாடலில் பொங்கோல்வாசி ஒருவர் கேட்டார்: “எங்கள் புளோக் கூரையில் சூரிய சக்தித் தகடு போட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அதனால் யாருக்கு வேலை கிடைத்தது?”

நியாயமான கேள்வி. பதிலைப் பொங்கோலிலேயே தேடுவோம். ஒரு காலத்தில் பன்றிப் பண்ணைகளும் கோழிப் பண்ணைகளும் இருந்த ஊர் அது. 2010ல் அங்கே ‘ட்ரீலாட்ஜ்’ எனும் பசுமைக் குடியிருப்பை வீவக கட்டி முடித்தது. அடுத்த ஆண்டே, பொங்கோலின் கூரைகளில் 2 மெகாவாட் உச்சத் திறனுள்ள தகடுகளைப் பொருத்தும் குத்தகை சன்சீப் நிறுவனத்துக்குக் கிடைத்தது.

குத்தகை என்ற சொல்லைக் கவனியுங்கள். தகடுகள் நிறுவனத்தின் சொத்து. பொருத்துவதும் பராமரிப்பதும் அதன் பொறுப்பு. மின்தூக்கிக்கும் நடைபாதை விளக்குக்கும் கிடைக்கும் மின்சாரத்துக்கு நகர மன்றம் பணம் கட்டுகிறது. போட்ட முதல் திரும்பிவரப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை தகடு பழுதில்லாமல் ஓடுகிறதா என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா? நிலையான வேலை அங்கேதான் இருக்கிறது.

தகடு பொருத்துவது சில வாரங்களில் முடிந்துவிடும். அடுத்த கூரைக்கான ஏலக்குத்தகை வராவிட்டால், பழகிய குழு கலைந்துபோகும். 2014ல் வீவகவும் பொருளியல் வளர்ச்சிக் கழகமும் தொடங்கிய ‘சோலார்நோவா’ திட்டம் இதற்கு வழி செய்தது. பல அரசாங்க அமைப்புகளின் தேவையை ஒன்றுசேர்த்து, பெரிய ஏலக்குத்தகைகளாகத் தொடர்ந்து விடுவது அதன் முறை. தொழில்நுட்பத்தைவிட இந்தத் தொடர்ச்சியே வேலைகளைக் காப்பாற்றுகிறது என்பது என் கருத்து.

தொழிற்சாலை வேலைகளின் கதை வேறு. தூய எரிசக்திக்கு அரசாங்கம் 2007ல் 350 மில்லியன் வெள்ளி ஒதுக்கியது. 2015க்குள் 7,000 வேலைகள் என்பது இலக்கு. நார்வேயின் ஆர்இசி நிறுவனம் துவாஸில் கட்டிய தகட்டுத் தொழிற்சாலை 2010ல் திறக்கப்பட்டது. சீனத் தயாரிப்பு பெருகித் தகடு விலை சரிந்தபோது உலகெங்கும் தகட்டு நிறுவனங்கள் தள்ளாடின. தொழிற்சாலை வேறு நாட்டுக்கு இடம் மாறலாம். பொங்கோல் கூரையைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது!

அப்படியானால் நம் பிள்ளைகளுக்கு என்ன வேலை? கூரையில் சுமை தூக்கும் வேலையை நான் சொல்லவில்லை. தகட்டிலிருந்து வரும் மின்சாரத்தைக் கட்டடத்துடன் இணைக்க, எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்றவர் வேண்டும். மின் பணியாளர், மின் தொழில்நுட்பர், மின் பொறியாளர் என அதில் மூன்று நிலைகள். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் மின்துறை படித்தவர், வேலை அனுபவம் சேர்த்துக்கொண்டு உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். ‘வயரிங் வேலைதானே’ என்று முகம் சுளிக்கும் பெற்றோர் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்.

மேலே படிக்க நினைப்பவர்களுக்குச் சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகமே 2024ல் பொங்கோலுக்கு வந்துவிட்டது. சூரிய சக்தியையும் மின்கலச் சேமிப்பையும் இணைக்கும் சிறு மின்கட்டமைப்பு ஒன்று அந்த வளாகத்திலேயே இருக்கிறது.