22 எழுத்தில் ஓர் ஒப்பாரி (தொடர் - 9)

எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ இந்த வாரம் என்று சொல்லியிருந்தேன். விசுவாச அனுபவத்தைச் சாட்சியாக எழுதுகிறவர்கள் கண்ணீரை ஏன் அவசரமாகத் துடைத்துவிடுகிறார்கள் என்ற கேள்வியில் போன வாரம் நிறுத்தினோம். அந்தக் கேள்வி என்னை வேதாகமத்தின் புலம்பல் புத்தகத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பாபிலோனியர் எருசலேமை இடித்துத் தீ வைத்ததை அழுகிற பாட்டுகள் அவை. ஐந்தே அதிகாரம். எபிரேயத்துக்கு 22 எழுத்து. முதல் அதிகாரத்தில் 22 வசனம். முதல் வசனம் முதல் எழுத்தில் தொடங்கும், அடுத்தது இரண்டாம் எழுத்தில். நம் ஆத்திசூடி போகிற வரிசைதான். இரண்டாவதும் நான்காவதும் அப்படியே. நடு அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்று வசனம், ஆக 66. கடைசி அதிகாரத்திலும் 22 வசனம் உண்டு, ஆனால் எழுத்து வரிசை இல்லை! நான்கு அதிகாரம் கட்டுக்கோப்பாக அழுதவனுக்கு ஐந்தாவதில் கட்டு அவிழ்ந்துவிட்டது என்றே நான் படிக்கிறேன். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

பசியில் குழந்தைகள் தெருவில் சுருண்டு விழுவதை எழுதுகிறவனுக்கு அகரவரிசை எதற்கு? ஒன்றையும் தாண்டிப் போய்விடக் கூடாது என்பதற்குத்தான். விழுப்புரம் பக்கத்துத் துக்க வீடுகளில் தோளோடு தோள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கும் பெண்களும் இதையே செய்கிறார்கள். போனவர் உழுத நிலம், கட்டிய வேட்டி, செய்த சீர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் அழுவார்கள்.

துக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிற சாட்சி ஒன்றுக்காக இப்போது திண்டிவனத்துக்கு வருகிறேன். 1890-களில் அங்கே மிஷன் மருத்துவராக இருந்தவர் ஜான் ஸ்கடர். உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து வந்த மகள் ஐடாவுக்கு இங்கே தங்கும் எண்ணமே இல்லை. ஓர் இரவு ஒரு பிராமணர் வந்து கதவைத் தட்டுகிறார். மனைவி பிரசவத்தில் தவிக்கிறாள், நீங்கள் வர வேண்டும் என்கிறார். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாவை அழைத்துப் போங்கள் என்கிறாள் ஐடா. வேற்று ஆண் பார்க்கக் கூடாது என்று அவர் திரும்பிப் போய்விடுகிறார். அதே இரவில் ஒரு முஸ்லிம், பிறகு இன்னொரு இந்து. அதே வேண்டுதல், அதே மறுப்பு. விடிந்ததும் பறைச் சத்தம் கேட்கிறது. மூன்று பெண்களுமே இறந்துபோயிருந்தார்கள்.

ஐடா மருத்துவம் படித்தார், 1900-இல் திரும்பி வந்தார், வேலூர் சி.எம்.சி. எழுந்தது. இந்தச் சாட்சியைப் பிரசங்கங்களில் கேட்காத கிறிஸ்தவர் நம் பக்கம் குறைவு. எனக்குள்ள வருத்தம், பறைச் சத்தத்துக்கு அடுத்த வரியிலேயே வேலூர் வந்துவிடுகிறதே என்பதுதான். அந்த மூன்று பெண்களின் பெயரை யாரும் சொல்வதில்லை. தாழ்வாரத்தில் நின்று கெஞ்சிய ஆண்கள் என்ன மனத்தோடு வீடு திரும்பினார்கள்? மூன்று முறை கைவிரித்த ஐடா விடியும்வரை எப்படிக் கிடந்தார்? உணர்ச்சி அங்கேதான் இருக்கிறது. ஸ்தோத்திரத்துக்கு விரைகிற எழுத்து அதை மிதித்துக்கொண்டு போகிறது.

துக்கத்தில் தங்குவது விசுவாசக் குறைவு என்று சிலர் பயப்படுகிறார்கள். அவர்கள் 88-ஆம் சங்கீதத்தைத் திறந்து பார்க்கட்டும். அது கதறலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஓர் ஆறுதல் வார்த்தைகூடக் கிடையாது. அதையும் வேதத்துக்குள்தான் வைத்திருக்கிறார்கள்.

அடுத்த வாரம் கிருஷ்ண பிள்ளை நிச்சயம். ஆனால் அவருக்கு முன்னால், இலங்கையில் இருந்துகொண்டு தமிழில் எழுதிய கோவாக்காரர் ஜாக்கோமே கொன்சால்வெஸ் பாதிரியாரின் ‘வியாகுலப் பிரசங்க’த்தைப் பார்த்துவிட வேண்டும். தவசு காலத்தில் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் அந்த ராகம் நினைவிருந்தால் எழுதுங்கள்.