முனியப்பன் காப்பாற்றிய புத்தர்

ஒரே நாளில் போய்த் திரும்பும் புத்தர் சுற்றுலா என்றால் ஓசூரில் வேன் நிரம்பிவிடுகிறது. சிப்காட்டில் வார விடுமுறை கிடைத்தவர்கள், பெங்களூரு நெரிசலிலிருந்து ஒரு நாளாவது தப்பிக்க நினைப்பவர்கள், பள்ளிப் பிள்ளைகளோடு வரும் அம்மாக்கள் என்று எல்லோரும் இருக்கிறார்கள். பாதையும் சிக்கலில்லாதது. சானமாவு காட்டைக் கடந்து கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் கணவாய் வழியாகச் சேலம். அங்கே ஒரு புத்தர். பிறகு ஆத்தூர், தலைவாசல் தாண்டித் தியாகனூர். அங்கே இரண்டு புத்தர்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் மட்டும் நன்றாக விடிந்தபிறகு கிளம்புங்கள். ஜவளகிரி, தளி பக்கமிருந்து வரும் யானைகள் சானமாவில் தங்கி ராகி வயல்களில் இறங்கும் காலம் அது. நெடுஞ்சாலையைக் கடக்க அவை யாரிடமும் நேரம் கேட்பதில்லை.

தருமபுரி வந்ததும் வழிகாட்டிக்குக் குரல் ஏறும். ஏறட்டும். அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சதியபுத்திரர் என்றும் ஒரு பெயர் வருகிறது. அவர்கள் யார் என்று அறிஞர்கள் வெகுகாலம் வாதாடினார்கள். 1981-ல் ஜம்பையில் கிடைத்த தமிழிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சியையே அந்தப் பெயரால் குறித்து வாதத்தை முடித்து வைத்தது. தருமபுரி அன்று தகடூராக இருந்தபோது ஆண்ட அதியமான் குலத்தை அசோகர் அறிந்திருந்தார் என்பது, சுங்கச்சாவடியில் வண்டி நிற்கும் நேரத்தில் யோசிக்க நல்ல விஷயம்.

ஆனால் இந்தப் பயணத்தின் உயிர் சேலத்தில் இருக்கிறது. கோட்டை சாலையில் தலைவெட்டி முனியப்பன் என்று ஊரே கும்பிட்டு வந்த சிலை அது. அது புத்தர் என்று சொல்லி 2011-ல் ஒரு பௌத்த அறக்கட்டளை நீதிமன்றம் போனது. சென்னை உயர் நீதிமன்றம் தொல்லியல் துறையை ஆய்வு செய்யச் சொன்னது. அறிக்கையில் வந்த விவரங்கள் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. தாமரைப் பீடத்தில் அர்த்தபத்மாசனம், மடியில் தியான முத்திரையில் கைகள், சுருள் முடி, உச்சியில் உஷ்ணீஷம், தொங்கும் காது மடல்கள். துண்டிக்கப்பட்ட தலையைப் பிற்காலத்தில் சிமெண்டும் சுண்ணாம்பும் குழைத்து ஒட்டியிருந்தார்கள். 2022-ல் தீர்ப்பு வந்தது. இது புத்தர் சிலை, தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்க வேண்டும், புத்தர் என்று பலகை வைக்க வேண்டும், பொதுமக்கள் வந்து பார்க்கலாம், பூசை கூடாது.

வழக்கு தொடுத்தவர்களின் பக்கம் நியாயம் உண்டு. புத்தரைப் புத்தர் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் வேனில் இந்தக் கதை சொல்லப்படும் விதம் எனக்கு ஒப்பவில்லை. விவரமில்லாத சனங்கள் புத்தரைப் பிடித்து முனியப்பனாக்கிவிட்டார்கள் என்கிற சிரிப்பு அதில் ஒளிந்திருக்கிறது. நான் கேட்பது வேறு. தலை போன ஒரு சிலையை, நகரம் வளர்ந்து நெருக்கிய ஓர் இடத்தில், இத்தனை காலம் உடைபடாமல் வைத்திருந்தது யார்? எண்ணெய் ஊற்றி, சூடம் கொளுத்தி, முனியப்பா என்று நேர்ந்துகொண்டவர்கள்தானே? தலையை ஒட்டிய சிமெண்ட் அழகில்லைதான். தலை வேண்டும் என்று யாரோ நினைத்ததற்கு அதுவே சாட்சி.

கும்பிட ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நாகப்பட்டினம் இருக்கிறது. ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலத்தையே எழுதி வைத்தான். அந்தக் கொடையைச் சொல்லும் செப்பேடுகள் நெதர்லாந்தின் லைடன் வரை போயின. பௌத்தத்தின் மிச்சமாகக் கடலோடிகளுக்கு அடையாளமாய் நின்ற பழைய செங்கல் கோபுரம் 1867-ல் தரைமட்டமானது. அரசன் கொடுத்த ஊர் காப்பாற்றவில்லை, செப்பேடும் காப்பாற்றவில்லை.

தியாகனூர் இந்தக் கணக்குக்கு மறுபக்கம். வாணகோவரையர்கள் ஆண்ட மகதை மண்டலத்தில், ஆறகளூருக்கு அருகிலுள்ள ஊர். ஆள் உயரத்தைத் தாண்டி அமர்ந்திருக்கும் கல் புத்தருக்கு அங்கே கூரை எழுப்பித் தியான மண்டபம் ஆக்கியிருக்கிறார்கள். விளக்கும் எரிகிறது. உட்கார்ந்து பாருங்கள், வழிகாட்டியைக் கொஞ்சம் பேசாமலிருக்கச் சொல்லுங்கள். நேரமிருந்தால் ஆறகளூர் காமநாதீஸ்வரர் கோயிலில் எட்டு பைரவர்களையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

திரும்பும்போதுதான் என் கவலை. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தாண்டிப் போய்ப் புத்தரைப் பார்த்து வரும் வேன், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கற்களை ஜன்னல் கண்ணாடி வழியாகக்கூடப் பார்ப்பதில்லை. மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-ல் அறிவித்தபோது மாவட்டமே மார்தட்டியது. மல்லசந்திரத்தில் பாறைமேல் பலகைக் கற்களை நிறுத்தி மூடிய கல்திட்டைகள் கூட்டமாக இருக்கின்றன. போசள ராமநாதன் இருந்து ஆண்ட குந்தாணிப் பக்கம், சின்னகொத்தூரில் நடுகற்கள். ஓசூர் தேர்ப்பேட்டையிலேயே நடுகற்கள் உண்டு.

இவற்றில் எது நிற்கிறது என்று பாருங்கள். வேடியப்பன் என்று பெயர் வைத்து, பொங்கலிட்டு, கிடா வெட்டும் நடுகல் நிற்கிறது. மாடு மீட்கப்போய்ச் செத்தவனோ, ஊர் காத்துச் செத்தவனோ, பெயர் மறந்துபோனாலும் அவன் சாமியாக இருக்கிறான். அந்தக் கல்மேல் கடப்பாரை வைக்க எந்தக் கான்ட்ராக்டரும் இரண்டு முறை யோசிப்பான். படையல் இல்லாத கல்லுக்கு அந்தப் பயமும் இல்லை. துணி துவைக்கும் கல்லாகிறது, வாய்க்காலுக்கு மூடியாகிறது, பொக்லைன் வந்தால் மண்ணோடு மண்ணாக அள்ளப்படுகிறது. கல்திட்டைக்கு இன்னும் மோசம். கிரானைட்டுக்குப் பெயர்போன மாவட்டத்தில், சீராக நிற்கும் பலகைக் கல்லைப் பார்ப்பவன் கண்ணில் வரலாறு படாது, விலைதான் படும்.

இப்போது ஓசூரைச் சுற்றி ராகி வயலெல்லாம் மனைக்கல் நட்டுக் கிடக்கிறது. 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் என்று 2024-ல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். தொழில் வரட்டும், வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் வெளி மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகாரிலிருந்தும் வந்து இங்கே வீடு கட்டும், வாடகைக்கு இருக்கும் மக்களுக்கு இந்த வேடியப்பன் யாரென்று தெரியாது. உள்ளூர்ப் பிள்ளைகள் வேலைக்குப் பெங்களூரு போய்விட்டார்கள். பொங்கல் வைக்கும் கிழவிக்குப் பிறகு யார் வைப்பார்கள்? தொல்லியல் துறையால் எல்லாக் கல்லுக்கும் காவலாள் போட முடியாது.

அதனால் சுற்றுலா நடத்துபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சேலம் போகும் வழியில் ஒரு வேடியப்பன் கோயிலிலும் வண்டியை நிறுத்துங்கள். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வரிசையாக இருக்கின்றன, அரை மணி நேரம் கொடுங்கள். மனை வாங்கியவர்களிடமும் ஒன்று. அஸ்திவாரம் தோண்டும்போது உருவம் செதுக்கிய கல்லோ, எழுத்துள்ள கல்லோ தட்டுப்பட்டால் ஓரமாகப் புரட்டிவிடாதீர்கள். மண்ணில் கிடைப்பதைத் தெரிவிக்கச் சொல்லும் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில்தான் இருக்கிறது. ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு தாசில்தார் அலுவலகத்துக்கோ, அந்த அருங்காட்சியகத்துக்கோ தகவல் சொல்லுங்கள்.