கார்டிசால்: ரத்தப் பரிசோதனை சொல்வதும் சொல்லாததும்

மன அழுத்தத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஹார்மோன்களில் முதன்மையானது கார்டிசால். இரு சிறுநீரகங்களின் மேல்முனையில் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகளின் புறப்பகுதி, கொலஸ்ட்ராலிலிருந்து இதைத் தயாரிக்கிறது. அதற்கான உத்தரவு மூளையிலிருந்து வருகிறது. ஹைப்போதலாமஸ் தூண்ட, பிட்யூட்டரி சுரப்பி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அது அட்ரினல் சுரப்பியை எட்டியதும் கார்டிசால் பெருகுகிறது. தேவையான அளவு சேர்ந்தபின், அந்தக் கார்டிசாலே மூளையை எட்டி உற்பத்தியைக் குறைக்கவைக்கிறது. தேர்வு பயமும் கடன் கவலையும்தான் இதை முடுக்கிவிடும் என்றில்லை. காய்ச்சல், அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, ரத்தச் சர்க்கரை சட்டென இறங்குவது ஆகியவையும் முடுக்கிவிடும். ரத்தச் சர்க்கரையை உயர்த்துவது, ரத்த அழுத்தம் சரியாமல் காப்பது, உடலின் எதிர்ப்பு சக்தி எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் கார்டிசாலின் வேலைகள். அதைக் கெட்ட ஹார்மோன் என்று எண்ணுவது தவறு. அது அறவே இல்லாமல் போனால் உயிர் தங்காது.

அதே அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியில் சுரக்கும் அட்ரினலின் இன்னும் வேகமானது. ரத்தத்தில் கலந்த இரண்டு மூன்று நிமிடங்களில் அதன் அளவு பாதியாகிவிடும். ஊசியைக் கண்டு பயந்தாலே ஏறிவிடக்கூடிய ஒன்றை அளந்து பெரிதாக எதையும் அறிய முடியாது. ஃபியோகுரோமோசைட்டோமா என்னும் அரிய கட்டி இருக்குமோ என்ற ஐயம் எழும்போது, அட்ரினலின் சிதைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரின் என்ற பொருளைத்தான் மருத்துவர்கள் அளக்கச் சொல்கிறார்கள்.

கார்டிசால் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். அளப்பதற்கு இது வசதிதான். ஆனால் நாள் முழுவதும் அது ஒரே அளவில் நிற்பதில்லை. பின்னிரவில் ஏறத் தொடங்கி, கண் விழிக்கும் வேளையில் உச்சத்தை எட்டி, பகல் முழுவதும் இறங்கி, நள்ளிரவில் அடிமட்டத்துக்கு வருகிறது. காலை 8 மணிக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 5 முதல் 25 மைக்ரோகிராம் வரை இருப்பது இயல்பு. மாலையில் அதில் பாதியளவு இருக்கும். நன்றாக உறங்கும் ஆரோக்கியமான ஒருவருக்கு நள்ளிரவில் 1.8 மைக்ரோகிராமுக்கும் கீழே போய்விடும். ஆகவே 15 என்ற எண் காலையில் வந்தால் கவலையில்லை; நள்ளிரவில் வந்தால் நோயின் அறிகுறியாகலாம். போதாதற்கு, இந்த ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே கிட்டத்தட்ட மணிக்கு ஒருமுறை சிறு சிறு அலைகளாகவும் கார்டிசால் சுரக்கிறது. இரவுப் பணி செய்து பகலில் உறங்குபவருக்கு இந்தத் தாளமே மாறிப்போயிருக்கும். அவர் எப்போது தூங்கி எப்போது எழுந்தார் என்று கேட்காமல் காலை 8 மணி ரத்தத்தை அளப்பதில் பயனில்லை.

ரத்தம் எடுக்கும் முறையும் அளவைப் பாதிக்கும். மாடிப்படி ஏறி மூச்சிரைக்க வந்தவரைச் சற்று நேரம் அமரவைக்க வேண்டும். ரத்தநாளம் கிடைக்காமல் பலமுறை குத்தினால், அந்த வலியே கார்டிசாலை உயர்த்திவிடும். ஆராய்ச்சிகளில் முன்கூட்டியே ரத்தநாளத்தில் ஒரு குழாயைப் பொருத்தி, உடல் அமைதியடைந்த பிறகு ரத்தம் எடுப்பது இதற்காகத்தான். கார்டிசால் சாம்பிள் எளிதில் கெடுவதில்லை. உடன் அளக்கப்படும் ஏ.சி.டி.எச். அப்படியல்ல, உடனே ஐஸில் வைத்துக் குளிர்நிலையிலேயே லேபுக்கு எடுத்துச் செல்லாவிட்டால் சிதைந்து, பொய்யான குறைந்த அளவைக் காட்டும்.

ரத்தத்தில் உள்ள கார்டிசாலில் 90 விழுக்காட்டுக்கும் மேல் புரதங்களோடு ஒட்டிக்கொண்டே சுற்றிவருகிறது. தனித்து உலவும் சிறு பங்குதான் செல்களுக்குள் புகுந்து வேலை செய்கிறது. வழக்கமான ரத்தப் பரிசோதனை இரண்டையும் சேர்த்தே அளக்கிறது. கர்ப்பிணிகளுக்கும், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் அந்தச் சுமக்கும் புரதம் கூடிவிடுவதால், மொத்த அளவு உயர்ந்து தெரியும். கல்லீரல் நலிந்து புரதம் குறைந்தவர்களுக்கு நேர்மாறாக, அளவு தாழ்ந்து தெரியும்.

இவ்வளவு சிறிய அளவை அளக்க முடிந்ததே பெரிய சாதனை. ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 1950-களில் வேதிப்பொருள் சேர்த்து எழும் நிறத்தைக் கொண்டு மதிப்பிட்டார்கள். நிறைய ரத்தம் தேவைப்பட்டது, வேறு ஸ்டீராய்டுகளும் அதே நிறத்தைக் காட்டிக் குழப்பின. 1960-ஐ ஒட்டி நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் இன்சுலினை அளப்பதற்காக ரேடியோ இம்யூனோஅஸே என்ற முறையைக் கண்டறிந்தனர். 1960-களில் கனடாவின் மொன்றியலில் பெவர்லி மர்ஃபி, கார்டிசாலைச் சுமக்கும் புரதத்தையே கருவியாக்கி அதை அளந்து காட்டினார். யாலோவுக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் 1972-லேயே மறைந்துவிட்டதால் அதில் அவருக்குப் பங்கு கிடைக்காமல் போனது வருத்தத்துக்குரியது.

இம்முறைகளின் அடிப்படை, பேருந்தில் இடம்பிடிக்கும் போட்டியைப் போன்றது. கார்டிசாலைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் இருக்கும். அடையாளம் இடப்பட்ட கார்டிசாலை ஓர் அளவு கலந்து, நோயாளியின் சீரத்தையும் சேர்ப்பார்கள். நோயாளியின் கார்டிசால் அதிகமென்றால் அது பெரும்பாலான இடங்களைப் பிடித்துவிடும். அடையாளமிட்டது வெளியே நிற்கும். இடம் கிடைத்த அடையாளத்தை அளந்து, நோயாளியின் கார்டிசாலைக் கணக்கிடுவார்கள். அன்று அந்த அடையாளம் கதிரியக்கம். இன்று பெரும்பாலும் ஒளி உமிழும் பொருள், எந்திரமே செய்துமுடித்துவிடுகிறது.

எதிர்ப்பொருளை ஏமாற்றவும் முடியும். ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் தரப்படும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, கார்டிசாலிலிருந்து வேறுபடுவது இரண்டு ஹைட்ரஜன் அணுக்களில் மட்டுமே. பல கருவிகள் அதையும் கார்டிசால் என்றே கணக்கிட்டுவிடும். முடி வளர்ச்சிக்காக விழுங்கும் பயோட்டின் மாத்திரையும் சில கருவிகளைக் குழப்பும். ஐயம் வலுத்தால் மூலக்கூறின் நிறையைக் கொண்டே பிரித்தறியும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறை கைகொடுக்கும். செலவு கூடுதல், எல்லா ஊர்களிலும் கிடைக்காது.

கார்டிசால் பரிசோதனை உண்மையில் உதவுவது இரண்டு நோய்களைக் கண்டறியத்தான். கார்டிசால் மிகையாகச் சுரப்பது குஷிங் நோய்க்குறி: முகம் உருண்டு, வயிறு பெருத்து, கை கால் மெலிந்து, தோலில் ஊதாநிறக் கோடுகள் விழும். நேர்மாறானது, 1855-இல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் விவரித்த நோய். எடை குறைந்து, தோல் கறுத்து, ரத்த அழுத்தம் தாழ்ந்து நோயாளி துவண்டுபோவார். காசநோய் அட்ரினல் சுரப்பியை அழிப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். இங்கும் ஒற்றை அளவீடு பெரும்பாலும் போதாது. குஷிங் ஐயத்தில், இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்து மறுநாள் காலையில் கார்டிசால் அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். அடிசன் ஐயத்தில், செயற்கை ஏ.சி.டி.எச். 250 மைக்ரோகிராம் ஊசி போட்டு, அரை மணியிலும் ஒரு மணியிலும் கார்டிசால் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள்.

அன்றாட மன அழுத்தத்தின் அளவுகோலாகக் கார்டிசாலை நம்ப முடியாது. ஜெர்மனியின் டிரையர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993-இல் வெளியான சோதனையில், அந்நியர் முன்னிலையில் பேச்சும் மனக்கணக்கும் செய்யவைத்து, கார்டிசால் உயர்வதைத் தெளிவாகக் காட்டினார்கள். அது சில நிமிட நெருக்கடிக்கு உடல் தரும் பதில். ஆண்டுக்கணக்கில் அழுத்தத்தில் உழல்பவருக்கோ அளவு கூடியும் இருக்கலாம், இயல்பாகவும் இருக்கலாம், குறைந்தும் இருக்கலாம். ஆய்வாளர்கள் இதனால்தான் ஒரே நாளில் பலமுறை உமிழ்நீரை எடுக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும் தலைமுடியில் தேங்கிய கார்டிசாலையும் அளக்கிறார்கள். எந்த முறையும் ஒரு தனிமனிதரின் கவலையை எண்ணாக்கித் தந்துவிடாது. முழு உடல் பரிசோதனைத் தொகுப்பில் சேர்த்து விற்கப்படும் ஒற்றைக் கார்டிசால் அளவீடு, அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு வீண் செலவு. பல வேளைகளில் வீண் பயமும்கூட.

மருத்துவர் எழுதிக்கொடுத்து இந்தப் பரிசோதனைக்குச் செல்பவர்கள், சாப்பிடும் மாத்திரைகள், உறிஞ்சும் இன்ஹேலர், தடவும் களிம்பு, மூட்டுவலிக்குப் போட்ட ஊசி, கேட்டறிந்து வாங்கிய நாட்டு மருந்து எதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உறங்கி விழித்த நேரத்தையும் குறித்துக் கொடுக்க வேண்டும். முக்கியமாக, நெடுநாளாக ஸ்டீராய்டு எடுப்பவர்கள் பரிசோதனைக்காகவென்று அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அவர்களின் அட்ரினல் சுரப்பி வேலையை மறந்திருக்கும். திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.